எட்டுப் பேருக்கு ஒரே கோர்ட்: ஓவர்ஹெட்டைக் குழுவாகப் பழகுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது. கோலாலம்பூர், பழைய கிள்ளான் சாலைப் பக்கம் ஒரு கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) டென்னிஸ் கோர்ட். ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம். எட்டுப் பேர், ஒரு கோச், 60 பந்து உள்ள ஒரு கூடை. ஓவர்ஹெட் (உயரமாக வரும் பந்தைத் தலைக்கு மேலே அடிப்பது) பயிற்சி என்று வரிசையில் நின்றால் ஆளுக்குப் பத்துப் பந்து கிடைக்கிறது, அந்தப் பத்தும் நன்றாகவே போகிறது. பிறகு டபுள்ஸ் ஆடும்போது யாராவது லாப் தூக்கினால், அதாவது உங்கள் தலைக்கு மேலே போகும்படி பந்தை உயரமாக அனுப்பினால், நீங்கள் அடிக்கும் பந்து நெட்டில் விழுகிறது, அல்லது ராக்கெட்டின் ஃப்ரேமில் பட்டு வேலிக்கு வெளியே போகிறது. ‘குழுவை விட்டுத் தனி வகுப்புக்குப் போய்விடலாமா?’ என்று முடித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உங்கள் வரிகளிலேயே இருக்கிறது: வரிசையில் வரும் அடி ஆட்டத்தில் ஏன் வருவதில்லை? அதைப் பார்த்துவிட்டால் தனி வகுப்பா குழுவா என்பதற்கும் விடை வந்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டென்னிஸில் குழுவாகப் பழகினால் தனியாகப் பழகுவதைவிட நன்றாக வரும் அடிகள் குறைவு. அவற்றில் ஓவர்ஹெட் ஒன்று.

வரிசையில் நிற்கும்போது கோச் கூடையிலிருந்து போடும் பந்து ஒரே உயரத்தில் ஒரே இடத்துக்கு வருகிறது. வரப்போகிறது என்று தெரிந்து, ராக்கெட்டை ஏற்கெனவே தூக்கிக்கொண்டு, சர்வீஸ் லைனுக்கு (நெட்டுக்கும் கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்கும் இடையில் உள்ள குறுக்குக் கோடு) முன்னால் நிற்கிறீர்கள். அங்கே பழகுவது கைவீச்சு மட்டும்தான். ஆட்டத்தில் ஓவர்ஹெட் கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே, பந்து எங்கே இறங்கும் என்று கணிப்பதிலும் அந்த இடத்துக்குக் கால் போய்ச் சேர்வதிலும். ஆறு மீட்டர் உயரம் போகும் சாதாரண லாப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் இடுப்பருகே கிளம்பி உச்சிக்குப் போக ஏறக்குறைய ஒரு விநாடி; உச்சியிலிருந்து உங்கள் ராக்கெட் எட்டும் உயரத்துக்கு, அதாவது சுமார் 2.6 மீட்டருக்கு, இறங்க இன்னொரு 0.8 விநாடி. மொத்தம் இரண்டு விநாடிக்கும் குறைவு. பந்து உச்சிக்குப் போகும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால் பாதி நேரம் போய்விட்டது. மிச்சமிருக்கும் முக்கால் விநாடியில் பின்னால் ஓடவும் வேண்டும், ராக்கெட்டைத் தூக்கவும் வேண்டும், அடிக்கவும் வேண்டும். அதற்குள் முடியாது.

ஆகவே முதல் அசைவு பந்து கிளம்பும்போதே தொடங்க வேண்டும். எதிராளியின் ராக்கெட் முகம் வானத்தைப் பார்த்துத் திறந்து பந்துக்கு அடியில் போகிறதா என்று கவனியுங்கள். லாப் வருகிறது என்பதற்கு அதுவே முதல் அடையாளம். (வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.) வலது காலைப் பின்னால் வைத்து உடலைப் பக்கவாட்டில் திருப்புங்கள். அதே கணத்தில் ராக்கெட் மேலே வந்துவிட வேண்டும், முழங்கை தோள் உயரத்தில். சர்வில் போல ராக்கெட்டைக் கீழே இறக்கிப் பெரிய வட்டம் சுற்றி மேலே கொண்டுவர நேரம் இல்லை. பிறகு இடது கால் வலது காலுக்குக் குறுக்கே போகும்படி பக்கவாட்டில் பின்னால் ஓடுங்கள். கடைசி இரண்டு மூன்று அடிகள் சின்னச் சின்னதாக, இடத்தைச் சரிசெய்வதற்காக மட்டும். நெட்டைப் பார்த்தபடியே குதிகாலில் பின்னால் நடப்பதை உங்கள் குழுவில் யார் செய்தாலும் உடனே நிறுத்துங்கள். மெதுவாக இருக்கிறது என்பது சின்னக் குறை. கால் இடறினால் மல்லாந்து விழுவோம், கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும், ஊன்றாவிட்டால் தலை தரையில் அடிபடும். ஓவர்ஹெட்டில் உண்மையான ஆபத்து இதுதான். வேறு எதையும் திருத்தாவிட்டாலும் இதைத் திருத்துங்கள்.

பிடியையும் ஒருமுறை சரிபாருங்கள். கான்டினென்டல் பிடி வேண்டும்: ராக்கெட்டின் விளிம்பால் ஆணி அடிப்பது போலச் சுத்தியலைப் பிடிப்பதாக நினைத்துப் பிடித்தால் கை அங்கேதான் போய் நிற்கும். ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே ஓவர்ஹெட் அடிப்பவர்களுக்கு மோதும் நேரத்தில் ராக்கெட்டின் முகம் கீழ்நோக்கி மூடிக்கொள்ளும். பந்து இடப்பக்கமாகக் கீழே இழுபட்டு நெட்டுக்குள் போகும். இதை அவர்கள் கண்ணுக்கோ கைக்கோ பழியாகப் போட்டுக்கொள்வார்கள்.

நெட்டில் விழுவதற்கு இன்னொரு பெரிய காரணம், ஸ்மாஷ் (ஓவர்ஹெட்டின் இன்னொரு பெயர்) என்றால் பந்தைக் கீழே நோக்கி அடிக்க வேண்டும் என்ற எண்ணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சர்வீஸ் லைன் நெட்டிலிருந்து 6.40 மீட்டர். நடுவில் நெட்டின் உயரம் 0.914 மீட்டர். 2.6 மீட்டர் உயரத்தில் அடிக்கும் பந்து எதிர்ப்பக்கம் ஒன்பது மீட்டர் ஆழத்தில் விழ வேண்டும் என்றால், கண்ணுக்கு நேர்கோடாகப் பார்த்தாலும் அது நெட்டுக்கு மேல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் போக வேண்டும். பந்து போகப் போக ஈர்ப்பால் இறங்குவதையும் சேர்த்தால் குறி இன்னும் மேலே. அதாவது சர்வீஸ் லைனில் நின்று அடிக்கும்போது பார்வையில் இருக்க வேண்டியது எதிராளியின் பேஸ்லைன், அதாவது கோர்ட்டின் கடைசிக் கோடு. நெட்டுக்கு அப்பால் உள்ள தரை இல்லை. பேஸ்லைன் அருகே போய்விட்டால் கணக்கு இன்னும் கடுமையாகும். அங்கிருந்து நெட்டை உரசி நேர்கோட்டில் போகும் பந்துகூட எதிர்ப்பக்கத்துச் சர்வீஸ் லைன் அருகேதான் விழும். அங்கே ஓவர்ஹெட் என்பது ஏறக்குறைய இரண்டாவது சர்வ்தான்: சுழலோடு, வேகம் குறைத்து, ஆழமாக. நெட்டிலிருந்து நான்கு மீட்டருக்குள் இருந்தால் மட்டும் கீழே அறையலாம்.

நம் ஊரில் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று பூப்பந்து (பேட்மின்டன்). உங்கள் எட்டுப் பேரில் பாதிப் பேராவது சின்ன வயதில் பூப்பந்து ஆடியவர்களாக இருப்பார்கள். அவர்களுக்குத் தலைக்கு மேல் அடிக்கும் தோளசைவு இயல்பாகவே இருக்கும், அது பெரிய சொத்து. ஆனால் கணிப்பு ஏமாற்றும். பூப்பந்தின் இறகுப்பந்து சுமார் ஐந்து கிராம்தான். காற்றில் வேகம் இழந்து மெதுவாக இறங்கும். டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம், இறங்க இறங்க வேகம் கூடும். ஆறு மீட்டர் உச்சியிலிருந்து வரும் பந்து ராக்கெட் உயரத்தில் விநாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஒன்பது மீட்டரிலிருந்து வந்தால் பதினொன்று. பூப்பந்துப் பழக்கத்தில் காத்திருந்து அடிப்பவர்கள் தாமதமாகிவிடுவார்கள். பந்து முகத்துக்கு நேராக வந்துவிடும், ஃப்ரேமில் படும். இரண்டாவது, மணிக்கட்டால் சொடுக்குவது. மூன்று மடங்குக்கும் மேல் கனமான ராக்கெட்டையும் அதற்கேற்ற பந்தையும் மணிக்கட்டால் மட்டும் சொடுக்கினால் முழங்கை வலிதான் மிஞ்சும். மூன்றாவது, டென்னிஸில் பந்தைத் தரையில் படவிட்டு அடிக்கலாம் என்பது அவர்களுக்கு ஆட்டத்தின் சூட்டில் நினைவுக்கு வருவதே இல்லை. அந்த உரிமை விலைமதிப்பற்றது. விதிப்படி நல்ல பந்தை 254 சென்டிமீட்டரிலிருந்து விட்டால் 135 முதல் 147 வரை எழ வேண்டும், அதாவது பாதிக்குச் சற்று மேல். ஆகவே எட்டு மீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய நேர்குத்தாக இறங்கும் லாப் தரையில் பட்டபின் மீண்டும் தலைக்கு மேல் எழும். அதை அப்போது அடிப்பது மிகவும் சுலபம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பட்ட பந்து உங்கள் பேஸ்லைன் பக்கமாக நகரும். படும் இடத்துக்கு ஓரிரு மீட்டர் பின்னால் போய் நின்று, பிறகு முன்னால் வந்து அடிக்க வேண்டும். படும் இடத்திலேயே நின்றால் பந்து தலைக்குப் பின்னால் போய்விடும்.

இனி குழு. முதல் பத்து நிமிடம் தோள், இடுப்பு, கணுக்கால் சூடேறட்டும். பழைய பந்துகளை எடுத்து, நெட்டுக்கு இருபுறமும் சர்வீஸ் லைனில் நின்று, இணை இணையாகத் தலைக்கு மேலிருந்து எறிந்து பிடியுங்கள்; ஓவர்ஹெட்டின் கையசைவு எறிவதுதான். அடுத்த பத்து நிமிடம் ராக்கெட்டைத் தொடவே வேண்டாம். நால்வர் ஒரு பக்கம் நின்று கையால் உயரமாகப் போடட்டும். எதிரே நால்வர் பக்கவாட்டில் திரும்பி, பின்னால் ஓடி, இடக்கையால் நெற்றிக்குச் சற்று முன்னால், தலைக்கு மேலே பிடிக்கட்டும். ஆளுக்குப் பத்து, பிறகு பக்கம் மாறுங்கள். தலைக்குப் பின்னால் பிடித்தால் கால் தாமதம். மார்புக்கு நேரே பிடித்தால் அளவுக்கு மேல் பின்னால் போயிருக்கிறார். யாரும் சொல்லாமலே தன் பிழை தனக்குத் தெரியும். பெரியவர்களுக்கு இது சிறுபிள்ளைப் பயிற்சியாகத் தோன்றும். இதைத் தவிர்த்த குழுக்கள் மாதக்கணக்கில் அதே ஃப்ரேம் அடியோடு நிற்பதைப் பார்க்கலாம்.

அதன்பின் ராக்கெட். எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை இருக்கும்படி பிரிக்க வேண்டும். ஒருவர் அடிப்பவர். ஒருவர் அவருக்கு டபுள்ஸ் ஜோடியாகப் பக்கத்தில் நிற்பவர். இருவர் இருபுறமும் கோட்டுக்கு வெளியே நின்று, வரும் ஒவ்வொரு பந்துக்கும் அடிப்பவரோடு சேர்ந்து திரும்பி, ஓடி, காற்றில் வீசும் நிழல் ஆட்டக்காரர்கள். எதிர்ப்பக்கம் இருவர் பேஸ்லைனில் கூடையோடு நின்று பந்தைக் கையிலிருந்து விட்டு ராக்கெட்டால் லாப் தூக்குபவர்கள். ஒருவர் அடிப்பவர் பக்கம் உருண்டு வரும் பந்துகளை அகற்றுபவர். காலடியில் பந்து இருந்தால் ‘நில்’ என்று கத்துவது அவர் பொறுப்பு, கத்தினால் எல்லாரும் நிற்க வேண்டும். கடைசி ஆள் பக்கத்தில் நின்று ஒன்றே ஒன்றைப் பார்ப்பவர்: பந்து ராக்கெட்டில் படும்போது தலைக்கு முன்னாலா, மேலேயா, பின்னாலா? வேறு அறிவுரை எதுவும் சொல்லக் கூடாது. லாப் தூக்கும் இருவரும் தங்கள் பக்கத்தின் ஒரே பாதியில் (இடமோ வலமோ) நிற்கட்டும். ஸ்மாஷ் எப்போதும் மற்றப் பாதிக்கே போக வேண்டும். இந்த விதியை மீறினால் யாராவது ஒருவரின் கண்ணில் பந்து அடித்துவிடும்.

அடிப்பவருக்கு ஆறு பந்து, பிறகு எல்லாரும் ஓரிடம் நகர வேண்டும். ஒரு பந்துக்கு ஏழு விநாடி, மாறுவதற்கு இருபது விநாடி என்றால் ஒரு முறைக்கு ஒரு நிமிடம். எட்டு நிமிடத்தில் ஒரு சுற்று. சுற்றுக்கு 48 பந்து என்பதால் உங்கள் கூடை போதும், நடுவில் யாரும் பந்து பொறுக்க உள்ளே போக வேண்டியதில்லை. முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து பொறுக்கலாம். மூன்று சுற்று அரை மணி நேரத்தில் முடியும். அதில் ஒவ்வொருவரும் 18 ஓவர்ஹெட் அடித்திருப்பார், 36 முறை நிழலாக ஓடியிருப்பார், 18 லாப் தூக்கியிருப்பார். கோச்சின் கை கூடையிலிருந்து விடுபட்டுவிட்டதால் அவரால் கால்களைப் பார்க்க முடியும். முதல் சுற்றில் லாப் சர்வீஸ் லைனுக்கு முன்னால் விழட்டும். இரண்டாவதில் அடிப்பவர் ஒவ்வொரு முறையும் ராக்கெட்டால் நெட்டைத் தொட்ட பிறகே லாப் கிளம்ப வேண்டும், சர்வீஸ் லைனுக்குப் பின்னால் விழுமளவுக்கு ஆழமாக. மூன்றாவதில் லாப் தூக்குபவர்கள் உயரத்தை விருப்பப்படி மாற்றலாம். அடிப்பவர் பந்து உச்சிக்குப் போவதற்குள் ‘அடி’ அல்லது ‘விடு’ என்று உரக்கச் சொல்லிவிட்டு அதன்படி செய்ய வேண்டும். பிந்திச் சொன்னால் அடி நன்றாக இருந்தாலும் கணக்கில் சேராது.

குழு தனி வகுப்பை மிஞ்சுவது இந்த இடத்தில். மனிதர்கள் தூக்கும் லாப் ஒவ்வொன்றும் வேறு; ஒன்று குட்டை, ஒன்று சுழலோடு, ஒன்று காற்றில் சாய்ந்து. ஆட்டத்தில் வருவதும் இதுதான். லாப் தூக்குபவரும் சும்மா இல்லை. நல்ல லாப் என்பது டபுள்ஸில் ஸ்மாஷைவிட அதிகம் உதவும் அடி. மேலும் தோள், இடைவிடாமல் ஓவர்ஹெட் அடிப்பதற்கென்று அமைந்ததில்லை. தனி வகுப்பில் காசு கொடுத்த மணி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று நூறு அடித்துவிட்டு மறுநாள் கையைத் தூக்க முடியாமல் இருப்பவர்கள் உண்டு. குழுவில் வரும் இடைவெளி தோளுக்கு ஓய்வு.

மிச்ச நேரத்தில் ஆட்டம். இருவர் நெட்டில், இருவர் பேஸ்லைனில். பேஸ்லைன் ஜோடி லாப் தூக்கிப் புள்ளியைத் தொடங்க வேண்டும். ஐந்து புள்ளிக்கு ஒருமுறை ஆள் மாறட்டும், காத்திருக்கும் நால்வர் வேலிக்கு வெளியே. ஸ்மாஷ் நெட்டில் விழுந்தால் எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு புள்ளி, வேறு எப்படித் தோற்றாலும் ஒன்று என்று வையுங்கள். கீழே அறையும் ஆசை தானே அடங்கும். நடுவில் வரும் லாப்புக்கு யார் போவது என்பதை முன்பே பேசி வையுங்கள். பொதுவாக ஃபோர்ஹேண்ட் பக்கம் நடுவில் இருப்பவர் எடுப்பது நல்லது. ஆனால் ‘நான்’ என்று முதலில் கத்தியவருக்கே பந்து, மற்றவர் உடனே விலக வேண்டும். இருவரும் மேலே பார்த்துக்கொண்டு ஓடும் நேரம் அது.

இடத்தைப் பற்றிச் சில விஷயங்கள். கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகால் மணியை ஒட்டி. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் அது நேர் தலைக்கு மேலேயே நிற்கும். காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை லாப் போகும் உயரமும் சூரியன் நிற்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. ஐந்து மணிக்குச் சூரியன் சுமார் 35 டிகிரிக்கு இறங்கிவிடுவதால் உங்கள் நேரம் நல்ல நேரம்தான். கோர்ட்டை வடக்குத் தெற்காகப் போடுவது முறை. கொண்டோக்களில் கிடைத்த இடத்தில் போட்டுவிடுவதால் சில கோர்ட்டுகளில் மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அப்படி இருந்தால் அடிப்பவரை மேற்குப் பக்கத்தில், வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். பேஸ்லைனுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் அளந்து பாருங்கள். பொழுதுபோக்கு ஆட்டத்துக்கே சுமார் ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டும் என்பது அனைத்துலக டென்னிஸ் கூட்டமைப்பின் பரிந்துரை. அதற்குக் குறைவாக இருந்தால் தரையில் பட்ட லாப்பை அடிக்கும் பயிற்சியில் ஆழமான பந்துகளை விட்டுவிடுங்கள். வேலியில் முதுகு மோதும். மழை விட்டதும் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடத் தொடங்குவது நம் வழக்கம். மற்ற அடிகளுக்குப் பரவாயில்லை. வெள்ளைக் கோடுகள் ஈரமாக இருக்கும்வரை ஓவர்ஹெட் வேண்டாம். இடி கேட்டால் கோர்ட்டைவிட்டு வெளியேறிவிடுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் காலசைவு, பிடி, கணக்கு, பாதுகாப்பு ஆகியவை உறுதியானவை. பயிற்றுநர்களிடையே கருத்து வேறுபடும் விஷயங்களும் உண்டு. இடக்கையால் பந்தைச் சுட்டிக்காட்டுவது கணிப்புக்கு உதவுகிறது என்பார்கள் சிலர். உடலைப் பக்கவாட்டில் நிறுத்தவும் தோளைத் திறக்காமல் வைக்கவும் மட்டுமே உதவுகிறது என்பார்கள் சிலர். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. எப்படியானாலும் கையைத் தூக்குவதால் நன்மையே. அந்தக் கையைச் சீக்கிரம் இறக்கினால் தலையும் கூடவே இறங்கிப் பந்து நெட்டுக்குப் போவதை அடிக்கடி காணலாம். முன்னாள் அமெரிக்க ஆட்டக்காரர் பீட் சாம்ப்ராஸ் போலத் துள்ளி, காற்றில் கால் மாற்றி அடிப்பதைக் கற்க வேண்டுமா என்றால், நாற்பது தாண்டிய வார இறுதி ஆட்டக்காரர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இளையவர்களுக்குத் தரையில் நின்று அடிப்பது உறுதியான பிறகு. ஒரு நாளில் எத்தனை அடிக்கலாம் என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் எண் கிடையாது. வாரம் ஒருமுறை ஆடும் பெரியவர்களுக்கு முழுவேக அடி முப்பது நாற்பதோடு நிறுத்துவது என் வழக்கம். மேலே சொன்ன திட்டம் அதற்குள்தான் வரும். ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக் கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சி, பன்னிரண்டு முறை வீதம் இரண்டு தடவை, வாரம் மூன்று நாள் செய்தால் தோளின் பின்தசை வலுப்படும். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி வழியில் வலித்தாலோ, அந்தப் பக்கம் படுத்தால் இரவில் வலி எழுப்பினாலோ, எழுத்தில் ஆலோசனை கேட்காமல் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். அதற்கு நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தனி வகுப்பு எடுத்துத்தான் தீர வேண்டும் என்றால் குழுவை விடாமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் எடுத்தால் போதும். போவதற்கு முன் ஞாயிறு ஆட்டத்தில் நீங்கள் அடிக்கும் ஓவர்ஹெட்டுகளைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் யாரையாவது பதிவுசெய்யச் சொல்லுங்கள். பாதம் முதல் ராக்கெட் நுனிவரை தெரிய வேண்டும், லாப் கிளம்பும் கணமும் படத்தில் இருக்க வேண்டும். அதைக் கோச்சிடம் காட்டி, உங்கள் பிடியையும் லாப் கிளம்பியபின் வைக்கும் முதல் அடியையும் மட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் திருத்தித் தரச் சொல்லுங்கள்.